குயின் மேரி 2 எப்படி ஓடுகிறது, 2010ல் ஏன் இருட்டில் நின்றது?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. குயின் மேரி 2 கப்பலில் எஞ்சினையும் ப்ரொப்பெல்லரையும் இணைக்கிற தண்டும் கிடையாது, சுக்கானும் கிடையாது என்று வகுப்பில் சொன்னார்களாம், அது நிஜமா? பார்த்தால் மற்ற சொகுசுக் கப்பல் மாதிரித்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் அதை மட்டும் 'லைனர்' என்று பிரித்துச் சொல்கிறார்கள்? இவ்வளவு பெரிய கப்பல் 2010ல் பார்சிலோனா பக்கத்தில் கரண்ட் போய் நின்றது எப்படி? ஈரோட்டில் மின்னியல் கடைசி வருடம் படிப்பதாகவும் கப்பலுக்குப் போக ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் பத்தொன்பது வருடம் சரக்குக் கப்பல்களில் மின் அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது பல்லடம், சோமனூர் பக்கம் மில்களுக்கு டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றுகிற கருவி), பேனல் வேலை பார்க்கிறேன். குயின் மேரியில் நான் வேலை செய்ததில்லை, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் துறைமுகத்தில் எங்கள் கன்டெய்னர் கப்பலிலிருந்து தூரமாக நின்று பார்த்ததோடு சரி. ஆனால் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் நம் ஊர் மில்லுக்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து விரிவாகவே எழுதுகிறேன்.

லைனர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். லைனர் என்றால் ரூட் பஸ், சுற்றுலாக் கப்பல் என்றால் டூர் வேன். வால்பாறை ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்றால் டூர் வேன்காரர் வண்டியைத் திருப்பி ஆழியாறு அணையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ரூட் பஸ்ஸுக்கு அது முடியாது. மழையோ பனியோ, கிளம்பினால் சொன்ன ஊருக்குச் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குயின் மேரி 2க்குக் கொடுத்த ரூட் சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க், அதாவது வட அட்லாண்டிக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது. குளிர்காலத்தில் அந்தக் கடலில் ஒரு தடவை போனவர்களுக்குத் தெரியும், காபி டம்ளரை மேஜையில் வைக்க முடியாது, தூங்கும்போது கட்டிலோடு முட்டுக்கொடுத்துத்தான் படுக்க வேண்டும். அந்தக் கடலில் மெதுவாகப் போனால் நேரம் தவறும், வேகமாகப் போனால் அலை கப்பலை அடிக்கும். இரண்டையும் தாங்குகிற உடம்பு வேண்டும் என்பதிலிருந்துதான் இந்தக் கப்பலின் எல்லா வடிவமைப்பும் பிறந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வடிவமைத்தவர் ஸ்டீபன் பெய்ன். இனி இப்படிப்பட்ட பெரிய லைனர் வரவே வராது என்று பிபிசி சிறுவர் நிகழ்ச்சி ஒன்றின் ஆண்டு மலரில் எழுதியிருந்ததைச் சின்ன வயதில் படித்துவிட்டு, வரும், அதை நான்தான் வடிவமைப்பேன் என்று அவர்களுக்கே கடிதம் போட்டவர். 1998ல் சுற்றுலாக் கப்பல்கள் விடுகிற கார்னிவல் நிறுவனம், லைனர்கள் விட்டுவந்த பழைய குனார்ட் கம்பெனியை வாங்கியது. கார்னிவலில் ஏற்கனவே வேலையில் இருந்த பெய்னுக்கு அந்த வாய்ப்பு கைக்கு வந்தது. எனக்கு இவர் மேல் பெரிய மரியாதை. ஆசைப்பட்டதோடு நிற்காமல், அந்த ஆசைக்கு ஆகிற கூடுதல் செலவை முதலாளிகளிடம் நியாயப்படுத்தி வாங்கினார் பாருங்கள், அதற்காக.

செலவு ஏன் கூடுகிறது என்பதற்கு நாமக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி பாடி கட்டும் பட்டறையில் முதலில் கேட்பது, வண்டி என்ன லோடு அடிக்கப் போகிறது என்பதுதான். முட்டை ஏற்றும் வண்டிக்கும் கருங்கல் ஏற்றும் வண்டிக்கும் வெளியே பெயின்ட் ஒன்றாகவே இருக்கலாம், உள்ளே போடுகிற சேனல் வேறு. அப்படித்தான் இதுவும். இதே அளவுள்ள சுற்றுலாக் கப்பலை விடச் சுமார் 40 சதவீதம் கூடுதல் இரும்பு இதில் போயிருக்கிறது. சுற்றுலாக் கப்பலின் உடம்பு பெரும்பாலும் தீப்பெட்டி மாதிரி நிறைவாக இருக்கும், அப்போதுதான் அறைகளை நிறைய அடுக்கலாம். இதன் உடம்போ முன்னால் நீளமாகக் கூர்ந்து, தண்ணீருக்குள் 10 மீட்டருக்கு மேல் இறங்கி நிற்கிறது. அந்தக் கூர்மையில் அறை கட்ட முடியாது, அதாவது அவ்வளவு வருமானம் போச்சு என்று அர்த்தம். நீளம் 345 மீட்டர். ரயில் பெட்டி பதினான்கை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு வருமோ அவ்வளவு. அகலம் 41 மீட்டர், பழைய பனாமா கால்வாயில் நுழையாது. பரவாயில்லை, அந்த வழியாகப் போகிற பயணம் குறைவுதான் என்று துணிந்து விட்டுவிட்டார்கள். உயரத்தில் மட்டும் அப்படி விட முடியவில்லை. நியூயார்க் வாசலில் வெரசானோ பாலம் நிற்கிறது, அதன் அடியில் நுழைந்தாக வேண்டும் என்பதால் புகைபோக்கியைக் குட்டையாகத்தான் வைத்தார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். உயிர்காப்புப் படகுகளைத் தண்ணீர் மட்டத்திலிருந்து 15 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. இதில் 25 மீட்டருக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள், அட்லாண்டிக் அலை படகுகளைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று எடுத்துச் சொல்லி விலக்கு வாங்கினார்கள். முன்தளத்தில் அலையைத் தடுத்து இரண்டு பக்கமும் வழித்து விடுகிற சுவர் இருக்கிறது, அது பழைய பிரெஞ்சு லைனர் நார்மண்டியைப் பார்த்து எடுத்த யோசனை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உதிரி ப்ரொப்பெல்லர் இலைகள் எட்டையும் போல்ட் போட்டு வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். ஆளை விடப் பெரிய, பளபளவென்று வளைந்த உலோக இலைகள். பயணிகள் ஏதோ சிற்பம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் கப்பலின் ப்ரொப்பெல்லரில் ஒரு இலை உடைந்தால் கழற்றி மாட்டுவதற்கு வைத்திருக்கும் நிஜமான ஸ்பேர் அது.

கட்டியது பிரான்சில், செயின்ட் நசேர் ஊரிலுள்ள சான்டியே த லட்லான்டிக் கப்பல் கட்டும் தளம். நார்மண்டியைக் கட்டியதும் அதே ஊர்தான். 2022ல் சென்னையிலிருந்து சுற்றுலா விட்டார்களே எம்ப்ரஸ் கப்பல், அதுவும் 1990ல் அங்கேதான் கட்டியது. ஆனால் எம்ப்ரஸைப் போல மூன்றைச் சேர்த்தால்தான் ஒரு குயின் மேரி 2 வரும். 2000 நவம்பரில் ஆர்டர், 2002 ஜூலை 4ல் அடிக்கட்டை வைத்தார்கள், 2003 மார்ச்சில் தண்ணீரில் மிதந்தது. சுமார் 3 லட்சம் இரும்புத் துண்டுகளை 94 பெரிய பாளங்களாக வெளியிலேயே பற்றவைத்து, பிறகு உலர்துறைக்குள் (கப்பல் கட்டத் தண்ணீர் வடித்து வைக்கிற பெரிய தொட்டி) இறக்கி ஒன்றோடொன்று சேர்த்தார்கள். உள்ளே இழுத்த கேபிள் மட்டும் 2,500 கிலோமீட்டர். ஈரோட்டிலிருந்து டெல்லிக்குப் போகிற தூரம் அது. அத்தனையும் ஒரு கப்பலுக்குள் டிரேயில் படுத்திருக்கிறது.

இதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. வேலை முடிகிற நேரம், 2003 நவம்பர் 15 அன்று, கப்பலைக் கட்டிய தொழிலாளிகளும் அவர்கள் வீட்டுக்காரர்களும் சுற்றிப் பார்க்க வந்திருந்தபோது, கரையிலிருந்து கப்பலுக்குள் ஏறுகிற நடைபாலம் முறிந்து உலர்துறைக்குள் விழுந்தது. 16 பேர் இறந்துபோனார்கள். தன் கை பட்ட வேலையைத் தன் பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் காட்டக் கூட்டி வந்தவர்கள். கப்பலில் அதற்குப் பிறகு நடந்த கோளாறு எதிலும் இந்த அளவுக்கு உயிர் போகவில்லை. டிசம்பரில் ஒப்படைத்து, 2004 ஜனவரி 8ல் எலிசபெத் ராணி பெயர் சூட்டி, 12ஆம் தேதி முதல் பயணம் கிளம்பியது.

சரி, இப்போது உங்கள் பாடத்துக்கு வருவோம். தண்டு இல்லை என்பது நிஜம். இந்தக் கப்பலை நான் ஒரு மிதக்கும் மின்நிலையம் என்றுதான் பார்ப்பேன். அடியில் வார்ட்சிலா டீசல் எஞ்சின் நான்கு, ஒவ்வொன்றும் 16 சிலிண்டர், 16.8 மெகாவாட். அதற்கு மேல் கேஸ் டர்பைன் இரண்டு, விமான எஞ்சின் குடும்பத்தில் பிறந்தது, ஒவ்வொன்றும் 25 மெகாவாட். மொத்தம் கூட்டிப் பாருங்கள், 117 மெகாவாட் வரும். மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணை மின்நிலையங்கள் இருக்கிறதல்லவா, தலைக்கு 30 மெகாவாட். அந்த நான்கும் சேர்ந்து தருகிற அளவு மின்சாரத்தை இந்த ஒரு கப்பல் தானே உண்டாக்கித் தானே செலவு செய்கிறது. இதை முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கேஸ் டர்பைனை எங்கே வைத்தார்கள் என்பது அழகான வேலை. டர்பைன் மலைபோல் காற்று கேட்கும். கப்பலின் அடியில் வைத்தால் காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் அத்தனை தளங்களையும் துளைத்துக்கொண்டு பெரிய குழாய் ஏற வேண்டும், அந்த இடமெல்லாம் வீண். எடை குறைவான எந்திரம்தானே என்று தூக்கி மேலே, புகைபோக்கிக்குக் கீழேயே வைத்துவிட்டார்கள். மின்சாரத்தில் ஓடுகிற கப்பல் என்பதால்தான் இது முடிந்தது. தண்டு இருந்திருந்தால் எஞ்சின் ப்ரொப்பெல்லருக்கு நேராகக் கீழேதான் உட்கார வேண்டும். கேபிள் என்றால் எங்கே வேண்டுமானாலும் வளைத்து இழுத்துக்கொள்ளலாம். சாதாரண வேகத்துக்கு டீசல் போதும், வேகம் தேவைப்படும்போது மட்டும் டர்பைனை எடுப்பார்கள். முழுதாக விட்டால் 30 நாட் ஓடும், மணிக்கு 55 கிலோமீட்டர்.

இந்த மின்சாரம் 11,000 வோல்ட்டில் பஸ்பாருக்கு, அதாவது எல்லா ஜெனரேட்டரும் வந்து சேர்கிற பொதுக் கம்பிக்கு வந்து, மோட்டார் வேகத்துக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தருகிற கன்வர்ட்டர்கள் வழியாகக் கப்பலின் வால் பக்கம் அடியில் தொங்குகிற நான்கு பாட்களுக்குப் போகிறது. பாட் என்றால் என்னவென்று படம் பார்ப்பதை விட, ஊராட்சிக்கோட்டை உங்களுக்குப் பக்கம்தான், அங்கே போய்ப் பார்த்தால் சீக்கிரம் புரியும். அங்கே இருப்பது பல்ப் டர்பைன். பலாப்பழம் மாதிரி ஒரு இரும்புக் கூண்டுக்குள் ஜெனரேட்டரை அடைத்துத் தண்ணீருக்குள்ளேயே மூழ்க வைத்திருப்பார்கள், ஓடுகிற ஆறு முனையிலுள்ள இலைகளைச் சுற்றும், மின்சாரம் வெளியே வரும். பாட் அதைத் திருப்பிப் போட்டது. மின்சாரம் உள்ளே போகும், கூண்டுக்குள் இருக்கிற மோட்டார் இலைகளைச் சுற்றும், கப்பல் நகரும். ஒவ்வொன்றும் 21.5 மெகாவாட், எடை சுமார் 250 டன். நான்கில் இரண்டு அசையாது, மற்ற இரண்டு முழு வட்டமாகத் திரும்பும். திரும்புகிற பாட்தான் சுக்கான் வேலையைப் பார்க்கிறது, அதனால் தனியாகச் சுக்கான் தேவையில்லை. உங்கள் வகுப்பில் சொன்னது சரி.

ஆனால் பாட் இந்தக் கப்பலுக்குச் சுலபமாக வாய்த்துவிடவில்லை. 2006 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது கால்வாய்ச் சுவரில் ஒரு பாட் இடித்துவிட்டது. மூன்றை வைத்து மெதுவாகத்தான் ஓட முடிந்தது, வழியிலுள்ள துறைமுகங்களைத் தவிர்த்துக்கொண்டு போனதில் பயணிகள் கொதித்துப்போய்ப் போராட்டத்துக்குத் தயாராகிவிட்டார்கள், கம்பெனி பணத்தைத் திருப்பித் தந்தது. அதுவாவது இடித்ததால் வந்தது. பேரிங்குகள் தேய்ந்து தேய்ந்து போனதுதான் பெரிய தலைவலி. தண்ணீருக்கு அடியில் இருக்கிற பேரிங்கை நினைத்தபோது கழற்ற முடியுமா? கடைசியில் பாட் செய்துகொடுத்த ரோல்ஸ் ராய்ஸ் மேல் கார்னிவல் வழக்குப் போட்டு, 2011ல் 2.4 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது. பாட் கெட்ட யோசனை என்று நான் சொல்ல மாட்டேன், இன்று பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பலவும் அதில்தான் ஓடுகின்றன. அந்த அளவுக்கு, அந்த வேகத்துக்கு இது ஆரம்பத்திலேயே செய்து பார்த்த கப்பல், அதற்கான விலையைக் கொடுத்தது.

இனி 2010. செப்டம்பர் 23, அதிகாலை 4:25. கப்பல் பார்சிலோனாவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. வால் பக்கத்து ஹார்மோனிக் ஃபில்டர் அறையில் ஒரு வெடிச்சத்தம். சில நொடிகளில் நான்கு பாட் மோட்டாரும் நின்றன, அடுத்து கப்பல் முழுக்க இருண்டது. அவசர ஜெனரேட்டர் தானாக எழுந்து கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தது. நல்லவேளை, சுற்றிலும் திறந்த கடல், கரையோ பாறையோ பக்கத்தில் இல்லை. யாருக்கும் அடிபடவில்லை. எந்திரங்களை மறுபடி எடுத்துக் கப்பல் நகரச் சுமார் ஒரு மணி நேரம் ஆனது. இதே சம்பவம் ஒரு துறைமுக வாசலில் பலத்த காற்றில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் புரட்டும்.

காரணத்தை பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறை தோண்டி எடுத்தது. கன்வர்ட்டர்கள் மின்சாரத்தை வழவழப்பாக உறிஞ்சாது, வெட்டி வெட்டி எடுக்கும். அதனால் அலைவடிவம் கெடும், அந்தக் கெட்ட அலைதான் ஹார்மோனிக்ஸ். அதை வடிகட்ட சோக்கும் கெப்பாசிட்டரும் சேர்த்த ஃபில்டர் வைப்பார்கள். எண்ணெய் நிரப்பிய ஒரு கெப்பாசிட்டர் உள்ளுக்குள் மெல்ல மெல்லக் கெட்டு, தகடுகளுக்கு நடுவே ஆர்க் அடித்து, எண்ணெய் ஆவியாகி, அழுத்தம் தாங்காமல் டப்பா வெடித்திருக்கிறது. கெப்பாசிட்டர் சாவது புது விஷயமே இல்லை. அது சாகிறது என்று முன்கூட்டியே சொல்லத்தான் மின்னோட்டம் சமமாக இல்லையென்றால் காட்டிக்கொடுக்கிற ஒரு பாதுகாப்பு வைத்திருந்தார்கள். கெப்பாசிட்டர் கெடுவதைக் காட்ட இருந்தது அது ஒன்றுதான். அது வேலை செய்யவில்லை. விசாரித்தால், பல வருடமாகவே வேலை செய்யாமல் கிடந்திருக்கலாம் என்று தெரிந்தது.

அந்த அறிக்கையைப் படித்த பிறகு ஒரு நூல் மில்லில் நடந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஸ்பின்னிங் முழுக்க டிரைவ், அதுவும் கப்பலில் இருப்பது போன்ற கன்வர்ட்டர்தான், அதற்கு ஒரு ஃபில்டர் பேனல். கதவைத் திறந்தால் பஞ்சுத்தூசி வாசனையோடு சூடு முகத்தில் அடித்தது. கெப்பாசிட்டர் வரிசையில் நடுவில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் உப்பியிருந்தது, எண்ணெய் கசிந்து அடியில் கறுப்பாகப் பிசுக்கு. மின்னோட்டம் சமமாக இல்லையென்றால் காட்டிக்கொடுக்கிற அன்பேலன்ஸ் ரிலேயின் டிஸ்ப்ளேயைப் பார்த்தேன், சைபர். சூப்பர்வைசர் பெரியவர், நல்ல மனிதர், "அது வெச்ச நாள்ல இருந்து சைபர்லதானுங்க இருக்குது, ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றார். டெர்மினலைத் திறந்து பார்த்தால், மின்னோட்டத்தை அளந்து ரிலேக்குச் சொல்கிற சிடியிலிருந்து (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வருகிற இரண்டு வயரையும் யாரோ என்றைக்கோ டெஸ்ட் செய்யும்போது ஷார்ட் போட்டுவிட்டு அப்படியே மறந்திருக்கிறார்கள். ரிலே உயிரோடுதான் இருக்கிறது, அதற்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

இதில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். இந்த வகைப் பாதுகாப்பில், எல்லாம் நன்றாக இருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய சைபர்தான் காட்டும், மீட்டரே செத்துக் கிடந்தாலும் சைபர்தான் காட்டும். ஆனால் நிஜ உலகத்தில் எந்த இரண்டு கெப்பாசிட்டரும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, உயிருள்ள சர்க்யூட்டில் எங்கேயாவது ஒரு சின்ன எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாத சைபரைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். அந்த மில்லில் அன்றைக்கே ஷார்ட்டை எடுத்துவிட்டு வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தி ரிலே ட்ரிப் ஆகிறதா என்று பார்த்தேன். ஆனது. உப்பின கெப்பாசிட்டரை மாற்றினோம். மொத்தமாகவே அரை நாள் வேலை. அவ்வளவு பெரிய கப்பல் இருட்டில் நின்றதற்குப் பின்னாலும் இதே மாதிரி செய்தி சொல்லாமல் கிடந்த ஒரு பாதுகாப்பு இருந்தது என்பது எனக்கு மறக்கவே மறக்காது.

அதற்குப் பிறகு கப்பல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் அட்லாண்டிக்கை ஆறு இரவில் கடந்தது, இப்போது எரிபொருளை மிச்சப்படுத்த ஏழு இரவு ஆக்கிவிட்டார்கள். 2016ல் ஹாம்பர்கில் புளோம் ஃபோஸ் தளத்தில் பெரிய புதுப்பிப்பு, தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்குப் 15 அறைகள் சேர்த்தார்கள், நாய்களுக்கான கூண்டு 12லிருந்து 24 ஆனது. கட்டியபோது உலகத்திலேயே பெரிய பயணிகள் கப்பல், 2006லேயே அந்தப் பெயர் போய்விட்டது. இன்று அதை விட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரியவை ஓடுகின்றன. ஆனால் டைம்டேபிள் போட்டு வட அட்லாண்டிக்கைக் கடக்கிற லைனர் என்றால் இன்னும் இது ஒன்றுதான். சவுத்தாம்டனில் அது கிளம்பும்போது ஹாரன் அடித்ததைக் கேட்டிருக்கிறேன். அதில் ஒன்று 1930களில் ஓடிய பழைய குயின் மேரியிலிருந்து கொண்டுவந்து பொருத்தியது. காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் அதிரும்.

கப்பலுக்குப் போக ஆசை என்றீர்கள். மின் தொழில்நுட்ப அதிகாரி என்ற பதவிக்குச் சர்வதேச விதிகளில் தனித் தகுதிச் சான்று வந்ததே 2010 மணிலா திருத்தங்களில்தான், அதனால் உங்கள் படிப்புக்கு வழி திறந்தே இருக்கிறது. அனுமதி பெற்ற பயிற்சி நிலையத்தில் மட்டும் சேருங்கள், உயர் மின்னழுத்தப் பயிற்சியையும் விடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமனூர் பக்கம் வாருங்கள். பட்டறையில் ஒரு பழைய அன்பேலன்ஸ் ரிலேயும் இரண்டு சிடியும் கிடக்கிறது, கம்பியை ஷார்ட் போட்டும் எடுத்தும் மீட்டர் என்ன காட்டுகிறது என்று நீங்களே பார்க்கலாம்.